பிரின்சிபால் வந்திருக்கிறார்

"ஐயோ, வந்துட்டார்! என் சட்டை எங்க?"

இயற்பியல் வாத்தியார் கட்டிலிலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மடிக்கணினித் திரையில் ஏற்கெனவே நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள் இருந்தன. நாற்பத்திரண்டாவதாக வந்து நின்ற கட்டத்தில் 'பிரின்சிபால்' என்று எழுதியிருந்தது.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து சட்டையையும் டையையும் தூக்கிப் போட்டாள். மேலே டை, கீழே வெளுத்துப்போன அரைக்கால்சட்டை. கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே வேலையில்லையே!

ஒரு நிமிடம் முன்புவரை பாடம் வழக்கம்போல ஜோராக நடந்துகொண்டிருந்தது. அதாவது, "அறுபத்திரண்டாம் பக்கத்தை நீங்களே படிங்க, யாரும் மைக்கை ஆன் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாய்ந்து படுத்திருந்தார். கொரோனா வந்து பள்ளிக்கூடம் வீட்டுக்குள் புகுந்த நாளிலிருந்து அவருடைய போதனை முறை இதுதான். எந்தப் பிள்ளையாவது சந்தேகம் கேட்டால் அதற்கும் ஒரே பதில்தான்: "புத்தகத்துல இருக்கு, பாரு."

பிரின்சிபால் என்றால் மட்டும் அவருக்குப் பயம். பள்ளியில் இரண்டு இயற்பியல் வாத்தியார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் வருடக் கடைசியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லியிருந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

அந்தப் பயத்தை வாத்தியார் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. "பிரின்சிபால் எந்த கிளாஸுக்குள்ளயும் எப்ப வேணும்னாலும் நுழைவார். ஒழுங்கா இருக்கணும், தெரிஞ்சுதா?" என்று பிள்ளைகளையும் மிரட்டி வைத்தார். சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, பிரின்சிபால் வர ஆரம்பித்துவிட்டார்.

"சரி பசங்களா!" வாத்தியார் தொண்டையைச் செருமினார். பிரின்சிபால் காதில் விழட்டும் என்றே கணீரென்று வருகைப் பதிவு எடுத்தார். எல்லாரும் இருந்தார்கள், முப்பத்தோராம் எண் மாணவியைத் தவிர. பாடம் உருப்படியாக நடக்கிற நாளாகப் பார்த்து மட்டம் போடுகிறவள் அவள். கொடுத்து வைத்தது அவ்வளவுதான்!

பிறகு நடந்ததுதான் பாடம். மனைவி படுக்கையறைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, அவர் அதன் முன்னால் ஒரு கரண்டியை நீட்டினார்.

"கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கரண்டி தெரியுதா? அங்க போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. இல்லாத இடத்துல இருக்கிற மாதிரி தெரியுதே, அதுதான் மாயபிம்பம்!"

பிரின்சிபாலின் கட்டத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அதை இன்னொரு தடவை சொல்லுங்கள் சார்.'

'நம்ம பொறுமையைச் சோதிக்கிறார் மனுஷன்' என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். இன்னொரு தடவை என்ன, மூன்று தடவை சொன்னார். படம் வரைந்தார், கணக்குப் போட்டார். வகுப்பு நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்தும் அவரால் நிறுத்த முடியவில்லை.

"என்னங்க, அந்தப் புண்ணியவான் வந்தாத்தான் நீங்க வாத்தியார்ங்கறது உங்களுக்கே ஞாபகம் வருது" என்றாள் மனைவி, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்த கையைத் தடவிக்கொண்டே.

அந்தப் புண்ணியவானும் லேசில் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்தவர் நாலு முறை வந்தார். தேர்வு நெருங்க நெருங்க தினமும் வந்தார். வாத்தியாருக்குக் கட்டிலே மறந்துபோயிற்று.

ஆண்டுத் தேர்வில் இன்னொரு இயற்பியல் வாத்தியாரின் வகுப்பில் பாதிப் பேர் காலி. இவர் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

பள்ளி திறந்த அன்று பிரின்சிபாலே கூப்பிட்டு நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். "பிரமாதம் சார்! ஆன்லைன்ல இப்படி ஒரு ரிசல்ட்டா?"

"எல்லாம் நீங்க பக்கத்துலயே இருந்ததாலதான் சார்." வாத்தியார் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிரின்சிபால் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு, வருகிற பாராட்டை யாராவது திருப்பி அனுப்புவார்களா, பெரிய மனிதராகத் தலையாட்டி வைத்தார்.

வாத்தியார் மிதந்துகொண்டே வகுப்புக்குள் நுழைந்தார். அதே நாற்பத்திரண்டு பேர், ஒரு வகுப்பு மேலே ஏறி, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். உத்தரவு சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அப்பாடா, இனி எவன் என்ன செய்ய முடியும்? நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை எடுத்தார்.

"முதல் பாடம், மின்தடை. நீங்களே படிங்க. சத்தம் வரக்கூடாது."

இரண்டாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முப்பத்தோராம் எண். "சார், கம்பி நீளமா இருந்தா மின்தடை ஏன் சார் கூடுது?"

"அடடே, நீயா! நல்லா நடத்தின நாளெல்லாம் மட்டம் போட்டுட்டு இப்ப வந்து சந்தேகம் கேக்கறியா? புத்தகத்துல இருக்கு, பாரு."

வகுப்பில் எங்கோ 'களுக்'கென்று ஒரு சிரிப்புக் கேட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. உயர்த்திய கையையும் இறக்கவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

"மறுபடியும் பிரின்சிபாலா வந்து கேட்டாத்தான் சொல்லித் தருவீங்களா சார்?"