மாடியில் மட்டும் அறுவதில்லை

"மறுபடியும் அறுத்துட்டா!"

மூத்தவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் முன்னறை வரை சத்தம் கேட்டது.

முன்னறைதான் அச்சகம். எல்லா வேலையும் அங்கிருக்கும் பெரிய கம்ப்யூட்டரில்தான் சேமிப்பு. கீழறையில் மூத்தவள், மாடியில் கொழுந்தன் மனைவி இளையவள். இருவரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் அதோடு இணைந்து பக்கம் போடுவார்கள். கொஞ்ச நாளாகவே மூத்தவளின் இணைப்பு மட்டும் பாதி வேலையில் அறுந்து போகிறது.

"அவதான்னு எப்படிச் சொல்ற?" என்றார் கணவர்.

"மாடிப்படிக்கிட்ட போய் நான் ஒரு சத்தம் போட்டா உடனே கனெக்‌ஷன் வந்துடுது. மந்திரமா அது?"

அவர் காலண்டரைப் பார்த்தார். "என்னவோ. வெள்ளிக்கிழமைக்குள்ள துணிக்கடை கேட்லாக் முடியணும். முடியலேன்னா மாடிக்குக் கொடுத்துடறேன்."

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. இந்த அச்சகத்தில் முதல் பக்கம் போட்டவள் அவள். நேற்று வந்தவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர், ஜன்னலோர மேஜை. வருகிறவர்களும் "மாடியில இருக்கவங்க கையால போட்டுக் கொடுங்க" என்கிறார்கள். இளையவள் மேஜை விளக்கு வாங்கினால் மறுவாரமே கீழேயும் ஒரு மேஜை விளக்கு வந்துவிடும். அதே நிறத்தில்.

"என் தம்பியை வரச் சொல்லியிருக்கேன். வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும்!"

தம்பிக்கு நெட்வொர்க் வேலைதான். வந்ததும் வயரை மாற்றிப் பார்த்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டான். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"மாடியில ஆன் பண்ணச் சொல்லுக்கா."

மாடியில் கம்ப்யூட்டர் விழித்தது. கீழே இணைப்பு செத்தது.

"பாத்தியா! பாத்தீங்களா!" மூத்தவள் குதித்தாள்.

தம்பி மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தான். பின்னாலேயே இளையவளும் வந்து வாசற்படியோரம் நின்றாள்.

"ஒரு தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவார்? அந்தக் கதைதான் இது. ரெண்டு மெஷினுக்கும் ஒரே நெட்வொர்க் நம்பர். ஒண்ணு எழுந்தா இன்னொண்ணு படுத்துடும்."

"தானா அப்படி ஆகுமா?" என்றார் கணவர்.

"ஆகாது அத்தான். மாடியில இருக்கறது கடையில போட்டுக் கொடுத்த நம்பர். அக்கா மெஷின்ல யாரோ உக்காந்து கையால அடிச்சிருக்காங்க."

எல்லார் பார்வையும் வாசற்படிக்குப் போனது. மூத்தவள் மட்டும் தரையைப் பார்த்தாள்.

இளையவள் மெல்லச் சொன்னாள். "நான்தான். சரி பண்ணலாம்னு ஏதோ அடிச்சேன். தப்பாயிடுச்சு."

"தெரியாத வேலையில ஏன்மா கைய வைக்கற?" கணவருக்குக் கோபம். "இனிமே கீழே மெஷினைத் தொடாதே. கேட்லாக் உன் அக்காவே முடிக்கட்டும்."

இளையவள் தலையாட்டினாள்.

தம்பி நம்பரை மாற்றிவிட்டு, பையை மூடும்போது இளையவளிடம் கேட்டான். "ஆமா, அக்கா வேலை செய்யறப்போ உங்களுது செத்திருக்குமே. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"நான் போட்டா கீழே அறுந்துடுதுன்னு அக்கா சத்தம் போடறப்பதான் புரிஞ்சுது. ஏன்னு தெரியலை. அதான் சத்தம் கேட்டதும் அணைச்சிடுவேன். அக்கா வேலையை முடிச்சு எழுந்தப்புறம்தான் என் வேலை."

ஆண்கள் இருவரும் வெளியே போனார்கள். மூத்தவள் முந்தானையைத் திருகியபடி நின்றாள்.

"நீ... நீ ஏன்டி பழியை ஏத்துக்கிட்டே?"

"அன்னிக்கு நான் குளிச்சிட்டு வந்தப்போ, நீங்க என் ஸ்க்ரீனைப் பாத்து உள்ளங்கையில நம்பர் எழுதிக்கிட்டிருந்தீங்க. சங்கடப்படுவீங்கன்னு நான் திரும்பிப் போயிட்டேன்."

மூத்தவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மை என்றோ அழிந்திருந்தது. "உன்னுது மாதிரியே என்னுதும் ஓடட்டும்னுதான்..."

இளையவள் சிரித்தாள். "ஒரு எண்கூடத் தப்பில்லாம எழுதியிருக்கீங்கக்கா. அதுதான் கோளாறே!"