ஸ்டேஷன் மாஸ்டர் பயந்த கதை

“பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை, நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரு, நான், நீங்க, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். எல்லாரும் வந்தாச்சு. இன்னும் யாருக்காக வண்டியை நிறுத்தி வச்சிருக்கீங்க? ஆரம்பிங்க!” என்றார் மாஸ்டரின் மனைவி.

ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். வேலையில் இருந்தபோது தடம் புரண்ட வண்டியின் முன்னால் நின்றுகூடக் கலங்காதவர். ‘பயம்’ என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உபயோகிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மருமக்களுக்கும் அது பொருந்தும்.

சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பரிசைக் கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தில் மாட்டினால் படத்துக்குள்ளேயே போய் நிற்பதுபோல் காட்டும் வி.ஆர். கண்ணாடி.

“ஒரே சாமான் ரெண்டு எதுக்கு? போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன். நல்லது என் மெடலுக்குப் பக்கத்துல ஷோகேஸ்ல இருக்கட்டும். இன்னொண்ணு கொண்டுவந்தவரோடயே போகட்டும்” என்றார் மாஸ்டர்.

பெரிய மாப்பிள்ளை இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர். அவருடையது தனிக் கண்ணாடி. வெள்ளை வெளேர் என்று, கையில் பிடிக்க இரண்டு பிடிகளுடன் பளபளத்தது.

“இதுக்குப் போனே வேண்டாம் மாமா. எல்லாம் உள்ளேயே இருக்கு. நீங்க நடந்தா படமும் கூடவே நடக்கும். பார்த்து, பெட்டியைக் கிழிச்சுடாதீங்க. அந்தப் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கட்டும். இன்னிக்கு எடுத்துட்டுப் போய் உங்க பேர்ல பதிஞ்சு, அடுத்த வாரம் கொண்டாந்து தரேன்.”

சின்ன மாப்பிள்ளை வாஷிங் மெஷின் மெக்கானிக். அவருடையது தடித்த அட்டைப் பெட்டி. முகம் வைக்கிற பக்கம் இரண்டு லென்ஸ், முன்பக்கம் போனைச் செருக ஓர் இடம். அவ்வளவுதான்.

“ஏண்டி, உங்க வீட்டுக்காரர் செருப்பை மறந்துட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துட்டு வந்துட்டாரா?” என்றாள் பெரிய மகள்.

“இல்லக்கா, வாய்க்குப் பூட்டு இருந்தா உனக்கு ஒண்ணு வாங்கலாம்னு போனாரு. கடையில அந்த அளவு கிடைக்கலையாம்” என்றாள் சின்னவள்.

முதலில் தனிக் கண்ணாடி. கடலுக்கடியில் ஒரு திமிங்கிலம் வந்தது. மாஸ்டர் எழுந்து ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டார். பல் டாக்டரின் காலை மிதித்துவிட்டுத் திமிங்கிலத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

“படம் சுத்தம். கொஞ்சம் கனம்” என்று கழற்றினார்.

பெரிய மகளின் முகம் மலர்ந்தது. அவள் கணவரின் சட்டைப் பையில் போன் முனகியது. அவர் அதன் சத்தத்தை அடக்கிவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது அட்டைப் பெட்டி. சின்ன மாப்பிள்ளை தன் போனை எடுத்தார். அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல்.

“சகலை, இந்தப் போன்ல கடலைக் காட்டினா ஒழுகிடும்!” என்று பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இந்தா, என் போனை வச்சுக்கோ. உன் அட்டைக்கு அதாலயாவது ஒரு மரியாதை வரட்டும்.”

சின்னவர் அதை வாங்கி, மலை ரயில் படம் ஒன்றை ஓடவிட்டுச் செருகிக் கொடுத்தார். மாஸ்டர் பெட்டியை முகத்தில் பொருத்திக்கொண்டார்.

“படம் கொஞ்சம் மங்கல்தான். அடடே, நம்ம வண்டி! ஆனா சிக்னல் எங்கய்யா? கொடி காட்டுற கார்டையும் காணோம். இந்த மேட்டுல இவ்வளவு வேகம் எவன் குடுத்தான்? அவனை முதல்ல சஸ்பெண்ட் பண்ணணும்!”

வீடே சிரித்தது.

“பிடிச்சுக்குங்க சார், பள்ளம் வருது!” என்று கத்தினார், அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்த பல் டாக்டர்.

மாஸ்டரின் பேச்சு சட்டென்று நின்றது. நாற்காலியின் கையை அவர் விரல்கள் இறுக்கின. நெற்றியில் வியர்வை அரும்பியது.

“மாமா?” என்றார் சின்ன மாப்பிள்ளை.

“போதும்.”

பெட்டியைக் கழற்றினார். போனை வேறு யாரையும் எடுக்க விடாமல் தானே உருவி, குப்புறத் திருப்பி, பெரிய மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

“சார் பயந்துட்டாரு!” என்று பல் டாக்டர் கைதட்டினார்.

வீடு இடிந்து விழப்போகிறது என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா. பயந்துட்டேன்.”

மனைவி கண்ணைத் திறந்தார்.

“அட்டைக்கே இந்தப் பாடுன்னா, அந்தப் பெரிய கண்ணாடியை இந்த உடம்பு தாங்காது. எனக்கு அட்டையே போதும். பெரிய மாப்பிள்ளை, உங்க சாமான் உங்களோடயே போகட்டும். பெட்டியைப் பார்த்து மூடுங்க. ரோட்டுல நெரிசலாகும், இப்பவே கிளம்பிடுங்க.”

“ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தாருப்பா!” என்று பெரிய மகள் கண் கலங்கினாள்.

“தெரியும்மா. இந்த வீட்டு மாப்பிள்ளை என்ன கொண்டுவந்தாருன்னு எல்லாரும் பார்த்தாச்சு. அது போதும்.”

பெரிய மாப்பிள்ளை உடனே எழுந்தார். பிளாஸ்டிக் தாளை நீவிவிட்டுப் பெட்டியை மூடினார்.

பொம்மை ரயிலைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் நடுங்கிவிட்டார் என்று, தன்னிடம் வாயைத் திறந்து உட்காருகிற அத்தனை பேரிடமும் பல் டாக்டர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது சுத்தப் பொய். ரயில் பள்ளத்தில் பாய்ந்த அந்த நொடியில், பெரிய மாப்பிள்ளையின் போனில் தண்டவாளத்தை மறைத்துக்கொண்டு இப்படி ஒரு குறுஞ்செய்தி வந்து நின்றது: ‘சார், வாடகைக்கு எடுத்த வி.ஆர். கண்ணாடியை இன்று கடை மூடுவதற்குள் திருப்பித் தந்துவிடவும். பெட்டி கசங்காமல் இருக்கட்டும்.’