பெரிய ரேடியேட்டர்

"உங்க காருக்குப் பெரிய ரேடியேட்டர் வந்து சேர ஒரு மாசம் ஆகும் சார்," என்றார் மெக்கானிக்.

"அவ்வளவு நாள் இல்லப்பா. இந்த ஞாயித்துக்கிழமையே ரேஸ் டிராக்ல ஓட்டியாகணும்," என்றார் பெரியவர்.

"இந்த வயசுல இப்படி ஒரு அவசரமா! இப்ப இருக்கிற சின்ன ரேடியேட்டர் பத்தாம இன்ஜின் கொதிச்சா ஹீட்டரை முழுசாத் திறந்து விடுங்க. சூடெல்லாம் காருக்குள்ள வந்துரும், இன்ஜின் தப்பிச்சுக்கும். உங்க பையன் அப்படித்தானே வேர்த்து வழிய ஓட்டுவான்? நீங்க மட்டும் என்ன, வெண்ணெயா உருகிப்போக?"

பெரியவர் சிரிக்கவில்லை.

"நான் சமாளிச்சுக்குவேன். பக்கத்து சீட்டுல அவன் உட்காரப் போறான். இனி மருந்து வேண்டாம், ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்கன்னு டாக்டர் அனுப்பிட்டார். அந்த உடம்பு சூடு தாங்காதுப்பா."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூலையில் நின்ற தன் சொந்த ரேஸ் காரிடம் போனார்.

"ஞாயிறு வரைக்குமாவது அந்தப் பையனை விட்டு வை, ஆண்டவனே," என்று முணுமுணுத்தபடி அதன் பெரிய ரேடியேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.