அலமாரிச் சாவி

எதற்கும் மசியாத கிருமிக்கென்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கடைசி மாத்திரை உண்டு. அந்த அலமாரியின் சாவி தலைமை மருத்துவரின் சட்டைப் பையை விட்டு இறங்காது. போன மாதம் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்காக இளம் பெண் டாக்டர் கெஞ்சியபோதும் அவர் அசையவில்லை.

“மத்த மருந்தை வச்சே பாரும்மா. இதையும் கண்டபடி குடுத்தா கிருமி பழகிடும். அப்புறம் யாருக்குமே கேக்காது.”

அதை வேதவாக்காக நம்பி, நோயாளியின் கணவனுக்கு அந்த டாக்டரே எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

இப்போது படுக்கையில் கிடப்பது தலைமை மருத்துவரின் அப்பா. அலமாரி மறுபேச்சில்லாமல் திறந்தது. ஆனால் மாத்திரை கேட்கவில்லை. கிருமி அதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது என்றது பரிசோதனை முடிவு.

இளம் டாக்டர் குழம்பிப்போய், வெளியே உட்கார்ந்திருந்த தலைமை மருத்துவரின் அம்மாவிடம் மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

“ஐயா இதை முன்னாடி எப்பவாவது சாப்பிட்டிருக்காராம்மா?”

“இதுவா? அவர் தும்மினாலே என் பிள்ளை இதைத்தானே குடுப்பான். வீட்டுல டப்பா நிறைய கிடக்கு.” அந்த அம்மாள் கைப்பையைத் துழாவினாள். “உன் முகமும் வாடிக் கிடக்கே, கண்ணு. ஒண்ணு போட்டுக்கிறியா?”