டூப்ளிகேட் மேக்னா

போலீஸ் ஜீப்பில் ஏறும்போதே நீலாவதி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். முதல் அறை இடது கன்னத்தில். கேஸ், கோர்ட்டெல்லாம் அதற்கப்புறம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் மேக்னா, யாரோ எப்போதோ பாடி ஓய்ந்த வங்காளப் படகுப் பாட்டு ஒன்றை எடுத்து, டம்டம் என்று தாளம் ஏற்றி, சிவப்பு விக்கும் பாதி முகத்தை மறைக்கும் வெள்ளிக் கண்ணாடியுமாக ஆடிப் பாடினாள். அந்த வருஷம் கல்கத்தாவில் பூஜைப் பந்தலுக்குப் போனவர்கள் அம்மனைப் பார்த்தார்களோ இல்லையோ, அந்தப் பாட்டைக் கேட்காமல் திரும்பவில்லை. லேக் மார்க்கெட்டில் நீலாவதி கத்திரிக்காய் வாங்கினால் கடைக்காரர் எடைக்கு மேல் இரண்டு போடுவார்.

பிறகு மேக்னா சொந்தமாக நான்கு பாட்டு போட்டாள். அவற்றை நீலாவதி கேட்டாள். முழுசாகக் கேட்டாளா என்று யாரும் விசாரித்ததில்லை.

இப்போது எட்டு மாதமாக ஒரு மேடைகூட இல்லை. கத்திரிக்காயும் சரியான எடையில்தான் வருகிறது. மனசு சரியில்லை என்று மேக்னா வாரத்தில் மூன்று சாயங்காலம் நியூ டவுனில் தியான வகுப்புக்குப் போகிறாள். போய்வந்தால் முகம் கொஞ்சம் தெளிகிறது. அந்த மட்டில் சரி.

இந்த லட்சணத்தில்தான் எதிர் வீட்டு சுப்புலக்ஷ்மி போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். பாராசாத் பக்கம் ஏதோ விழா. சிவப்பு விக், வெள்ளிக் கண்ணாடி, அதே படகுப் பாட்டு. கீழே ‘மேக்னா-கொண்ட்டி ஜூலி’ என்று எழுதியிருந்தது.

“கொண்ட்டின்னா இன்னொருத்தர் குரல்ல பாடறவங்க. இந்த ஊர்ல பெரிய பாடகர் ஒவ்வொருத்தருக்கும் நாலு பேர் அப்படி இருக்காங்களே,” என்றாள் சுப்புலக்ஷ்மி, ஆறுதல் சொல்கிற மாதிரி. “ஒரு கௌரவம்தான், நீலா.”

“செத்துப்போனவங்களுக்குப் பண்ற கௌரவம் அது. என் பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கா.”

நீலாவதி வீடியோவை ஏழு தடவை பார்த்தாள். “தகர டப்பா. இந்தத் தொண்டை எங்க வம்சத்துலயே வராது,” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். எட்டாவது தடவைதான் அந்த வெள்ளி ஜிகினா ஜாக்கெட்டின் கைப்பக்கம் கண்ணில் பட்டது. பொத்தான் அறுந்த இடத்தில் நீலப் பொத்தான். அவளே தைத்தது. ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். ஜாக்கெட்டைக் காணோம்.

பீரோ சாவி இருக்கும் இடம் தெரிந்த வெளியாள் ஒருத்திதான். மேக்னாவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த சுப்ரியா. போன வருஷம் சண்டை போட்டு, “உன் ஸ்டெப்பை உன்னைவிட நான் நல்லா ஆடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள்.

துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற கணவர் முருகானந்தம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “நம்ம பொண்ணு பாடினதும் அடுத்தவங்க பாட்டுதானே?” என்றார். அன்று அவருக்கு இரண்டாவது காபி வரவில்லை.

ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மேக்னாவிடம் மூச்சு விடாமல் நீலாவதி போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். இந்த டூப்ளிகேட்டை ஒழித்துவிட்டால் மேடைகள் தானாக அசலைத் தேடி வரும் என்பது அவள் கணக்கு. இன்று பெஹாலாவில் ஒரு கிளப்பில் ஜூலி பாடுகிறாள் என்று போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் அதே சுப்புலக்ஷ்மிதான்.

“மாஷிமா, உள்ளே போய்ச் சத்தம் போடாதீங்க,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் தாலுக்தார், வங்காள வழக்கப்படி அவளைச் சித்தி முறை கொண்டாடி, ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டே. “அந்தப் பாட்டுக்கு என் கல்யாணத்துல நானே ஆடியிருக்கேன்.”

“அசலுக்கு ஆடினீங்க. ஞாபகம் இருக்கட்டும், தாலுக்தார் பாபு.”

பந்தல் வாசலில் கிளப் செயலாளர் அகப்பட்டார். நீலாவதி தன்னை யாரென்று சொல்லாமல் நேரே கேட்டாள்: “அசல் இருக்கும்போது டூப்ளிகேட்டை ஏன் கூப்பிட்டீங்க?”

“அசலா? அவங்க இன்னும் பாடறாங்களா?” என்றார் செயலாளர், உண்மையான ஆச்சரியத்தோடு. “அசலைக் கூப்பிட்டா நடுவுல சொந்தப் பாட்டைப் பாடிடுவாங்க, மாஷிமா. கூட்டம் எழுந்து முட்டை ரோல் சாப்பிடப் போயிடும். ஜூலி அப்படியில்ல. அந்த ஒரு பாட்டையே மூணு தடவை பாடும். இந்த சீசன்ல அவ டேட் கிடைக்கிறதே பெரிய பாடு.”

நீலாவதி அவரைத் தள்ளிவிட்டு மேடைக்குப் பின்னால் நடந்தாள். துணி மறைப்புக்குள் ஜூலி முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜிகினா ஜாக்கெட். நீலப் பொத்தான். அவள் ஓடிவிடாதபடி தாலுக்தார் வழியை மறித்து நின்றுகொண்டார்.

“திருட்டுக் கழுதை, எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்க வீட்டுலயே கைவச்சியா?” என்று பாய்ந்து விக்கைப் பிடித்து இழுத்தாள் நீலாவதி. விக் கையோடு வந்தது. வெள்ளிக் கண்ணாடி தெறித்துப் போய் ஸ்பீக்கர் பெட்டியடியில் விழுந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

“விக்கைக் கொடும்மா,” என்றாள் மேக்னா, கொஞ்சமும் பதறாமல் கையை நீட்டி. “மேக்னான்னு சொன்னா ஒருத்தரும் கூப்பிடறதில்ல, ஜூலிக்கு இன்னிக்கே இன்னும் ரெண்டு மேடை இருக்கு.”