புள்ளி இல்லாத வீடு

வழி சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்துவிடக் கூடாது என்று அவள் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் செய்த வீடியோ கேமின் முன்னால் ரெஜினாம்மா உட்கார்ந்திருந்தார். கண்காட்சி அரங்கைக் கூட்டிப் பெருக்குபவர். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நானும் ஒரு வாட்டி பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டவர்.

திரையில் புயல் ஓய்ந்திருந்தது. ஊரே இருட்டு.

மின்வாரியக் காக்கிச் சட்டைக்காரி ஒருத்தி மின்கம்பத்தடியில் நிற்கிறாள். எங்கே முதலில் கரண்ட் கொடுப்பது என்பதுதான் ஆட்டம். கடைத்தெருவுக்கு நூறு புள்ளி. கல்யாண மண்டபத்துக்கு இருநூறு. செல்போன் கோபுரத்துக்கு முந்நூறு.

ஊர்க்கோடியில் ஒரு ஓட்டு வீடு. அதற்குப் புள்ளியே கிடையாது.

நான்கு வருடம். ஊரை வரைந்தது, கோடிங் எழுதியது, மொட்டை மாடியில் குடை பிடித்து மழைச் சத்தத்தைப் பதிவு செய்தது, எல்லாம் அவள் ஒருத்தியே. நம்பாதவர்கள், "டீம்ல மத்தவங்க சாப்பிடப் போயிருக்காங்களா?" என்றார்கள்.

பக்கத்தில் சுதர்சன் நின்றிருந்தார். இதை வெளியிட முன்வந்திருக்கும் நிறுவனத்துக்காரர். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: அந்த வீட்டை எடுத்துவிட வேண்டும். மூன்று நாளாக ஒருத்தர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எடுத்துவிட்டால் இன்றைக்கே கையெழுத்து.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ரெஜினாம்மா இரண்டு முறை கம்பத்திலிருந்து விழுந்தார். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டார்.

கடைத்தெருவைத் தாண்டினார்.

மண்டபத்தையும் தாண்டினார்.

தூரத்து ஜன்னலில் ஏதோ அசைந்தது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நேராக அங்கேதான் போனார். கம்பியை இழுத்து இணைத்தார்.

வீட்டில் விளக்கு எரிந்தது.

உள்ளே ஒரு பெண். மடியில் குழந்தை. காலண்டர் அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் அட்டையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டை ஒருமுறை உதறினாள். குழந்தையைக் கிடத்தி, பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள்.

அந்த உதறலை மட்டும் வரையப் பதினோரு நாள் ஆனது. வரைந்தவளைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை.

"பாவம்," என்றார் ரெஜினாம்மா. "கை கடுத்துப் போயிருக்கும்."

யாரிடமும் சொல்லவில்லை. திரையில் தூங்குகிறவளைப் பார்த்துச் சொன்னார்.

கட்டியிருந்த கைகளை அவள் பிரித்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். ரெஜினாம்மா எழுந்து, உட்கார்ந்த நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, துடைப்பத்தோடு போனார். திரையின் மூலையில் பூஜ்யம் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

சுதர்சன் பார்த்தார்.

"ஒரு பாயின்ட்கூட வரலையே அவங்களுக்கு."

"வராது சார்," என்றாள் அவள். "அந்த வீடு அங்கேயேதான் இருக்கும்."

நினைத்ததைவிடக் குரல் சத்தமாக வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

சுதர்சன் கையிலிருந்த ஒப்பந்தத் தாள்களைப் பார்த்தார். பிறகு திரையில் எரிந்துகொண்டிருந்த அந்த ஒற்றை விளக்கை.

அவர் என்ன முடிவு செய்கிறார் என்று அவள் காத்திருக்கவில்லை. ரெஜினாம்மா கழற்றி வைத்துவிட்டுப் போன ஹெட்போனைத் துடைத்து, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் நீட்டினாள்.