இரண்டு கிண்ணம் வெந்நீர்

"விரல் மரத்துப் போச்சாம், விரல்! வேலை கசந்தா இதுங்களுக்கு விரலுக்குக்கூடத் தூக்கம் வந்துடும்" என்றார் சூப்பர்வைசர்.

லாண்டரியில் துணி அடுக்கும் அறை. ஒரு மர பெஞ்சு, ஒரு இரும்பு மேஜை. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அதுதான் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. இஸ்திரிக்காரி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மூன்று விரலுக்கு உணர்ச்சியே இல்லை, துணி தேய்க்கிற கொதிக்கும் இரும்பு உருளை பக்கத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது, துணி மடிக்கிற வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருந்தாள்.

"பொய்னு தெரிஞ்சுது, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவேன். ஆமா."

"பொய்யா மெய்யான்னு விரலே சொல்லிடும்" என்றார் டாக்டரம்மா. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, சூட்டைப் பதம் பார்த்து அவள் முன்னால் வைத்தார். "கையை இதுல வைம்மா. நல்ல விரல்னா அரை மணியில சுருங்கும். உணர்ச்சி போன விரல் சுருங்காது."

சூப்பர்வைசர் சிரித்தார். "ஏம்மா, கடலை ஊறினா உப்புது. விரல் ஊறினா மட்டும் எதுக்குச் சுருங்கணும்?"

"நல்லா கேட்டீங்க. கை தண்ணியில இருக்குன்னு நரம்புக்குத் தெரியும். உடனே உள்ள இருக்கிற ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும். உள்ள இளைச்சா, மேல்தோல் பெரிய சட்டை மாதிரி தொளதொளன்னு மடிஞ்சுக்கும். நரம்பு செத்துட்டா உத்தரவு போட ஆளில்ல. விரல் அப்படியே இருக்கும்."

படித்தவர்களிடம் இது ஒரு தொல்லை. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்கள்.

"சும்மா கதை! செத்த விரலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கையையும் வைக்கிறேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரே மாதிரிதான் இருக்கும்."

"வைங்களேன்." மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு கிண்ணம் வந்தது.

அவர் வலது கையை முக்கினார். "இதெல்லாம் ஒரு சூடா? சரி, வேற என்ன கதை வச்சிருக்கீங்க? அரை மணி போகணுமே."

"இருக்கே. இந்த மேஜையும் பெஞ்சும் ஒரே அறையிலதான் கிடக்குது. ரெண்டுக்கும் ஒரே சூடு. ஆனா தொட்டா இரும்பு மட்டும் ஜில்லுங்கும். ஏன் தெரியுமா? இரும்பு நம்ம கைச்சூட்டை வெடுக்குனு பிடுங்கிக்கும். மரம் மெல்லத்தான் வாங்கும். வேணும்னா தொட்டுப் பாருங்க."

அவர் இடது கையால் மேஜையைத் தொட்டார். பெஞ்சைத் தொட்டார். மறுபடியும் மேஜையைத் தொட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்! உங்க படிப்பு எல்லாம் என்கிட்ட வேகாதும்மா."

டாக்டரம்மா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். வாயை அடைத்துவிட்டோம் என்று சூப்பர்வைசருக்கு ஒரே குஷி.

அரை மணி ஆனது. இஸ்திரிக்காரி கையை எடுத்தாள். ஐந்து விரலும் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் கிடந்தன.

"மாட்டினா! அஞ்சும் சுருங்கிடுச்சு! உணர்ச்சி இல்லன்னது பச்சைப் பொய்!" துள்ளி எழுந்தார் சூப்பர்வைசர்.

"பொய்தான் அண்ணே." இப்போது அவள் தலை குனியவில்லை.

"அது எனக்கு நேத்தே தெரியும். அவளே என் வீட்டுக்கு வந்து சொல்லிட்டா" என்றார் டாக்டரம்மா. "இப்ப உங்க கையைக் காட்டுங்க."

அவர் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரல்கள் உள்ளே போனபோது இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தன. ஒரு மடிப்பு இல்லை.

"போன வாரம் உருளை மேல கையை வச்சுக்கிட்டே என்னைத் திட்டிட்டு நின்னீங்க" என்றாள் அவள். "தோல் கருகுற வாடை எனக்கு வந்துச்சு. உங்களுக்குச் சுடவே இல்ல. டாக்டரைப் பாருங்கன்னு சொன்னா வருவீங்களா? என்னைப் பொய்க்காரின்னு காட்டணும்னா ஓடி வருவீங்க. அதான்."

"வேலை போனாலும் போகட்டும், ஒருநாள் உருளையில அவர் கை போயிடக் கூடாதுன்னு சொன்னா" என்றார் டாக்டரம்மா. "சர்க்கரை வியாதியா, வேற ஏதாவதான்னு இன்னிக்கே பார்த்துடலாம்."

சூப்பர்வைசர் இடது கையை மேஜை மேல் வைத்தார். எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"தங்கச்சி" என்று முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டார். "இந்த இரும்பு... நிஜமாவே ஜில்லுன்னா இருக்கு?"